மரங்கொத்தி வந்தால் காடு கைவிட்டுப் போகுமா? அமெரிக்காவின் நில உரிமையாளர் ஒப்பந்தங்கள்: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு குரல்கள் உரக்கக் கேட்கும். "உன் நிலத்தில் ஓர் அரிய பறவை வந்து உட்கார்ந்தால் போச்சு, நிலத்தையே அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்" என்பது ஒன்று. "நில உரிமையாளரோடு அரசு ஒப்பந்தம் போடுகிறதா? அப்படியென்றால் பறவையை ஒழித்துக்கட்ட அனுமதி கொடுத்துவிட்டது என்று அர்த்தம்" என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. ஆனால் இந்த இரண்டையும் நம்பியே பலர் ஒப்பந்தங்களை ஆதரிக்கிறார்கள், எதிர்க்கிறார்கள்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த நாட்டின் பட்டியலில் உள்ள அரிய உயிரினங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கொஞ்சமாவது தனியார் நிலத்தில் வாழ்கின்றன. தேசியப் பூங்காக்களுக்கு மட்டும் வேலி போட்டால் அவை பிழைத்துவிடாது.

முதலில் ஒரு வீட்டுக் கதை

உங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு, அதில் நான்கு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சட்டம் வருகிறது: வீடில்லாத ஒருவர் உங்கள் அறை ஒன்றில் தங்கிவிட்டால், அதற்குப் பிறகு அவரை வெளியேற்றக் கூடாது, அந்த அறையை இடிக்கவோ மாற்றவோ கூடாது. சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். ஆனால் மழை கொட்டும் ஓர் இரவில் யாரோ கதவைத் தட்டினால்? மனம் இளகும், கை தாழ்ப்பாளைத் திறக்கத் தயங்கும். இன்னும் பயந்தவர் ஒரு படி மேலே போவார். காலியாக இருக்கும் அறைகளில் மூட்டை முடிச்சுகளை அடைத்து, யாரும் தங்கவே முடியாதபடி செய்துவிடுவார். அவர் யாரையும் விரட்டவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. ஆனால் தெருவில் நிற்பவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் போய்விட்டது.

இப்போது ஒருவர் வந்து இப்படிச் சொல்கிறார்: "ஏற்கெனவே ஓர் அறையில் ஒருவர் இருக்கிறார். அந்த அறையில் கை வைக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும். மற்ற மூன்று அறைகளையும் சுத்தம் செய்து சில ஆண்டுகளுக்குத் திறந்து வையுங்கள். யாராவது வந்து தங்கினால் தங்கட்டும். பிறகு ஒருநாள் அந்த மூன்று அறைகள் உங்களுக்கே வேண்டுமென்றால், எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். இதை எழுத்தில் தருகிறோம்."

கதவு திறக்கும், இல்லையா? இந்தக் கட்டுரையின் விஷயம் கிட்டத்தட்ட இதுதான். அறைக்குப் பதில் காடு, விருந்தாளிக்குப் பதில் பறவை.

சட்டம் என்ன சொல்கிறது

1973 டிசம்பரில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம், உலகிலேயே கடுமையான வனவுயிர்ச் சட்டங்களில் ஒன்று. ஓர் உயிரினம் அதன் பட்டியலில் ஏறிவிட்டால் அதைக் கொல்லக் கூடாது, பிடிக்கக் கூடாது, தொல்லை தரக் கூடாது, தீங்கு செய்யக் கூடாது. தெரிந்தே மீறினால் அபராதம் உண்டு, சிறையும் உண்டு.

இதில் 'தீங்கு' என்ற சொல்லில்தான் நில உரிமையாளருக்குச் சிக்கல். பறவையை நேரடியாகத் தொடாமல், அது கூடு கட்டும் மரங்களை வெட்டி, அதனால் பறவை செத்தால் அதுவும் தீங்குதான் என்று விதிகள் விளக்கம் கொடுத்தன. மரம் வெட்டும் தொழிலைச் சேர்ந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஆக, நிலத்தைப் பிடுங்குவார்கள் என்பது உண்மையில்லை. பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்த நிலத்தில் சில வேலைகளைச் செய்ய முடியாமல் போகலாம் என்பது உண்மை. மரம் விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. அவர்களுடைய பயத்தைப் பேராசை என்று ஒதுக்கித் தள்ளுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஒரு மரங்கொத்தியும் ஒரு பைன் காடும்

இந்தப் பயம் எப்படி வேலை செய்தது என்று பார்க்க, தென்கிழக்கு அமெரிக்காவின் ரெட்-காக்கேடட் மரங்கொத்தியைவிட நல்ல உதாரணம் இல்லை. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சின்னப் பறவை. பெயரில் இருக்கும் சிவப்பு, ஆண் பறவையின் கன்னத்துக்கு மேலே ஒரு நூலிழை அளவுதான். பெரும்பாலும் கண்ணில் படாது. மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்டுப்போன மரத்தைக் குடைய, இது உயிருள்ள பைன் மரத்தைக் குடைகிறது. பச்சை மரம் கெட்டியானது. ஒரு பொந்து முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். அதனால் உள்தண்டு பூஞ்சையால் மிருதுவான கிழட்டு மரமாகத் தேடிப் பிடிக்கிறது. அறுபது, எண்பது வயதுக்கு மேற்பட்ட மரங்கள் வேண்டும்.

பொந்து முடிந்த பிறகும் வேலை ஓயாது. வாசலைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் போட்டுக்கொண்டே இருக்கும். அதிலிருந்து பிசின் வடிந்து மரத்தண்டு முழுக்க வெள்ளையாகப் படியும். முட்டை தின்ன ஏறி வரும் பாம்புக்கு அந்தப் பிசுபிசுப்பைத் தாண்டுவது கஷ்டம். குடும்பமாகத்தான் வாழும், முன் ஆண்டில் பிறந்த மகன்கள் வீட்டோடு தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதும் உண்டு.

இந்தப் பறவை நம்பியிருந்த லாங்லீஃப் பைன் காடுகள் ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர். வெட்டி வெட்டி, ஒரு கட்டத்தில் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டன. 1970இலேயே பறவை அழிந்துவரும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

இப்போது ஒரு நில உரிமையாளரின் இடத்தில் நின்று யோசியுங்கள். உங்கள் பைன் மரங்களுக்கு நாற்பது வயது. விற்கலாம், அல்லது இன்னும் முப்பது ஆண்டு விட்டுவைக்கலாம். விட்டுவைத்தால் மரம் முற்றும், மரங்கொத்தி வரும். வந்தால் அந்த மரங்களையும் சுற்றியுள்ள பல ஏக்கரையும் வெட்ட முடியாது. இப்போதே வெட்டிவிட்டால் பறவையும் வராது, சட்டமும் வராது. பலர் என்ன செய்தார்கள் என்று சொல்லவே வேண்டாம். வட கரோலைனாவின் காடுகளை ஆராய்ந்த இரு பொருளாதார அறிஞர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: மரங்கொத்திகள் வாழும் இடத்துக்கு அருகில் இருக்கும் தனியார் காடுகளில் மரம் வெட்டப்படும் வாய்ப்பு அதிகம், அதுவும் இளவயதிலேயே.

சட்டத்துக்குப் பயந்து வாழிடத்தை முன்கூட்டியே அழிப்பது! 'சுடு, புதை, வாயை மூடு' என்று ஒரு கொடூரமான சொலவடையே அமெரிக்க நாட்டுப்புறத்தில் உருவாகியிருந்தது.

சட்டத்தால் முடியாத ஒன்று

பயத்தைவிட ஆழமான இன்னொரு சிக்கல் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ இதுதான் மொத்த விஷயத்தின் மையமாகத் தெரிகிறது.

லாங்லீஃப் பைன் காட்டுக்கு நெருப்பு வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் சிறு தீ, பைன் மரத்தை ஒன்றும் செய்யாது. கீழே முளைக்கும் ஓக் போன்ற மற்ற மரக்கன்றுகளைத்தான் எரித்து ஒழிக்கும். தீ வராவிட்டால் அந்தக் கன்றுகள் வளர்ந்து பொந்து உயரத்தை எட்டும், காடு அடைத்துக்கொள்ளும், மரங்கொத்தி பொந்தைக் கைவிட்டுப் போய்விடும்.

அதாவது இந்தப் பறவையை ஒழிக்கத் துப்பாக்கி வேண்டாம், கோடாலியும் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். சும்மா இருப்பதைச் சட்டம் குற்றமாகப் பார்ப்பதில்லை. 'வெட்டாதே' என்று சொல்ல அதற்கு அதிகாரம் உண்டு. 'ஆளைக் கூப்பிட்டு, காற்றுப் பார்த்து, கவனமாகத் தீ வை' என்று ஒருவருடைய சொந்த நிலத்தில் உத்தரவிட அதிகாரம் இல்லை. அந்த வேலையை அவர் விரும்பிச் செய்தால்தான் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துப் பார்ப்போம். சட்டம் கெடுதலைத் தடுக்கும். நல்லதைச் செய்ய வைக்காது. போதாக்குறைக்கு, நல்லது செய்பவருக்கே கட்டுப்பாடு கூடும் என்ற பயத்தையும் கிளப்பிவிட்டது. இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க வந்ததுதான் ஒப்பந்தம்.

'சேஃப் ஹார்பர்': புயலுக்கு ஒதுங்கும் துறைமுகம்

1990களின் நடுவில் மைக்கேல் பீன் என்ற வழக்கறிஞர், அப்போது சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதியம் என்ற அமைப்பில் இருந்தவர், இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி சொன்னார். அமெரிக்காவின் மீன் மற்றும் வனவுயிர்ச் சேவைத் துறை அதை எடுத்துக்கொண்டது. 1995இல் வட கரோலைனாவின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் முதல் திட்டம் தொடங்கியது. முதலில் சேர்ந்தது பைன்ஹர்ஸ்ட் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் விடுதி. 1999இல் இது நாடு முழுமைக்குமான கொள்கையானது. இதன் பெயர் சேஃப் ஹார்பர் ஒப்பந்தம். புயலில் கப்பல் ஒதுங்கும் துறைமுகம் போல, நில உரிமையாளர் பயமின்றி ஒதுங்க ஓர் இடம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சொல் போதும்: அடிநிலை. ஒப்பந்தம் போடும் நாளில் நிலத்தில் அந்த உயிரினம் எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுதான் அடிநிலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் காட்டில் இன்று இரண்டு மரங்கொத்திக் குடும்பங்கள். அடிநிலை இரண்டு. நீங்கள் முறையாகத் தீ வைக்கிறீர்கள், கிழட்டு மரங்களை விட்டுவைக்கிறீர்கள், செயற்கைப் பொந்துகள் அமைக்க இடம் கொடுக்கிறீர்கள். பத்தாண்டில் குடும்பங்கள் ஐந்தாகின்றன. இப்போது உங்களுக்குச் சட்டப் பொறுப்பு எத்தனைக் குடும்பத்துக்கு? இரண்டுக்குத்தான். மேலே வந்த மூன்றும் உங்கள் உழைப்பில் வந்தவை. அவற்றுக்காக உங்கள் மீது புதுக் கட்டுப்பாடு வராது. நாளைக்கு அந்தப் பகுதி மரங்களை வெட்ட வேண்டும் என்றால் வெட்டலாம். ஆனால் முன்கூட்டியே துறைக்குத் தெரிவித்து, அந்தப் பறவைகளைப் பிடித்து வேறு காட்டில் விட அவகாசம் தர வேண்டும். அடிநிலையான இரண்டுக்குக் கீழே மட்டும் போகவே கூடாது.

தாளில் எழுதிய வாக்குறுதி மட்டும் போதாது அல்லவா? அதனால் ஒப்பந்தத்தோடு கூடவே சட்டப்படி ஓர் அனுமதியும் தருகிறார்கள். பின்னால் நீங்கள் அடிநிலைக்குத் திரும்பும்போது சட்டமீறல் ஆகாமல் காப்பது அந்த அனுமதிதான். பல மாநிலங்களில் மாநில வனவுயிர்த் துறையே மொத்தமாக ஓர் அனுமதியை வாங்கி வைத்துக்கொண்டு, சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கொடுத்துத் தன் குடைக்குள் சேர்த்துக்கொள்கிறது. தனி மனிதர் வாஷிங்டனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

செயற்கைப் பொந்து என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலைனாவைத் தாக்கியபோது மரங்கொத்திகளின் கிழட்டுப் பைன் மரங்கள் ஏராளமாக முறிந்து விழுந்தன. புதுப் பொந்து குடைய ஆண்டுகள் ஆகும். பறவைகளுக்கு இரவு தங்க இடமில்லை. அப்போது பெரிதும் கைகொடுத்தது ஒரு தச்சு வேலை. ஏணி போட்டு மரத்தில் ஏறி, சங்கிலி ரம்பத்தால் தண்டில் ஒரு செவ்வகக் குழியை வெட்டி, அதில் மரப்பெட்டி ஒன்றைச் செருகி, ஓரங்களைப் பூசி அடைத்துவிடுவார்கள். பறவை ஆண்டுக்கணக்கில் குடைவதை மனிதர்கள் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். வாசல் சரியான அளவில் இருந்தால் பறவை குடியேறிவிடுகிறது! இதைச் செய்ய அனுமதிக்கும் ஒரு நில உரிமையாளர் தன் காட்டின் எதிர்காலத்தையே மாற்றுகிறார். பயம் தீராமல் எந்த உரிமையாளரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

சுருக்கமாக: அடிநிலை எப்போதும் காக்கப்படும். அதற்கு மேல் வருவது கூடுதல் நன்மை; அதைச் செய்தவருக்குத் தண்டனை இல்லை.

இன்னும் பட்டியலில் ஏறாத உயிரினங்களுக்கு

சேஃப் ஹார்பர், பட்டியலில் ஏறிவிட்ட உயிரினங்களுக்கு. நிலைமை மோசமாகி, நாளைக்கு ஏறலாம் என்ற கட்டத்தில் இருப்பவற்றுக்கு இன்னொரு வகை ஒப்பந்தம் உண்டு. அதை உத்தரவாதத்துடன் கூடிய முன்காப்பு ஒப்பந்தம் என்று சொல்லலாம். "இன்றைக்கே இந்த இந்த வேலைகளைச் செய்யுங்கள். பின்னால் இந்த உயிரினம் பட்டியலில் ஏறினாலும், ஒத்துக்கொண்டதற்கு மேல் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டோம்" என்பதுதான் சாரம்.

மேற்கு மாநிலங்களின் சேஜ் குரௌஸ் என்ற தரைப்பறவை இதற்கு நல்ல உதாரணம். அது வாழும் புதர்வெளியில் மாட்டுப்பண்ணைகள் பரந்து கிடக்கின்றன. ஓரிகன் மாநிலத்துப் பண்ணைக்காரர்கள் பலர் 2014 வாக்கில் இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சேர்ந்தார்கள். வேலைகள் எல்லாம் எளியவைதான். புதர்வெளிக்குள் பரவும் ஜூனிப்பர் மரங்களை அகற்றுவது. தாழப் பறக்கும் பறவை முள்கம்பியில் மோதிச் சாகாமல் இருக்க, கம்பியில் வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகளை மாட்டுவது. மாட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு சின்னச் சரிவுப்பாதை வைப்பது; தவறி விழுந்த பறவை அதில் ஏறி வெளியே வந்துவிடும். 2015 செப்டம்பரில், பல மாநிலங்களிலும் நடந்த பாதுகாப்பு வேலைகளைக் கணக்கில் எடுத்து, அந்தப் பறவையைப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று துறை முடிவு செய்தது.

எல்லா இடத்திலும் இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. டெக்சஸ், நியூ மெக்சிகோ மணல்மேடுகளில் வாழும் டியூன்ஸ் சேஜ்பிரஷ் பல்லியை 2012இல் இதேபோல ஒப்பந்தங்களை நம்பிப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அது வாழும் இடமோ எண்ணெய் வயல்களின் நடுவில்; பிறகு மணல் அள்ளும் தொழிலும் சேர்ந்துகொண்டது. 2024இல் அதை அழிந்துவரும் உயிரினமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. டெக்சஸில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், எந்த நிலத்தில் என்ன நடக்கிறது என்ற விவரங்கள் ரகசியமாக வைக்கப்பட்டிருந்தன என்பது அப்போதே எழுந்த குற்றச்சாட்டு. அது நியாயமான குற்றச்சாட்டு என்றே நானும் நினைக்கிறேன். உத்தரவாதம் கொடுப்பது பொதுமக்களின் அரசு. பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பொதுமக்கள் சரிபார்க்க முடிய வேண்டும். சரிபார்க்க முடியாத ஒப்பந்தம் வெறும் காகிதம்.

அடிக்கடி குழப்பிக்கொள்ளும் விஷயங்கள்

"விருப்ப ஒப்பந்தம் என்றால் எப்போது வேண்டுமானாலும் மீறலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். சேருவதும் சேராததும்தான் விருப்பம். சேர்ந்த பிறகு ஒத்துக்கொண்டதைச் செய்யாவிட்டால் உத்தரவாதம் போய்விடும். சாதாரணச் சட்டம் முழு வேகத்தில் திரும்பி வரும்.

அரசு பணம் கொடுத்து வாங்கும் ஏற்பாடு என்பதும் சரியல்ல. சில வேலைகளுக்கு வேறு திட்டங்களிலிருந்து உதவித்தொகை கிடைக்கலாம். ஆனால் ஒப்பந்தம் நேரடியாகத் தருவது நிம்மதியைத்தான். நிலத்தின் உரிமைகளில் ஒரு பகுதியை நிரந்தரமாக விட்டுக்கொடுக்கும் பத்திரங்கள் வேறு வகை; இது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். கட்டடமோ சாலையோ கட்டும்போது தவிர்க்க முடியாத தீங்குக்கு ஈடுசெய்து அனுமதி வாங்கும் வாழிடத் திட்டங்களும் வேறு. அங்கே தொடக்கம் ஓர் இழப்பு; இங்கே தொடக்கம் ஒரு நன்மை. செய்திகளில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துவிடுகிறார்கள்.

"நாளைக்கு அடிநிலைக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் வீண்தானே?" இதுதான் இருப்பதிலேயே கூர்மையான கேள்வி, தட்டிக்கழிக்க முடியாதது. உண்மைதான், அந்த மூன்று குடும்பங்களும் அந்த இடத்தை இழக்கலாம். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவை குஞ்சு பொரித்திருக்கும், குஞ்சுகள் பறந்து வேறு காடுகளில் குடியேறியிருக்கும். ஒப்பந்தமே இல்லாதிருந்தால் அந்த மூன்றும் பிறந்தே இருக்காது. பக்கத்தில் உள்ள அரசுக் காடு நன்றாக இருக்கும் இடங்களில் இந்தக் கணக்கு பலிக்கும். தன்னந்தனியாகக் கிடக்கும் நிலத்தில் அவ்வளவு பலிக்காது.

இன்னொரு குறிப்பு, படிக்கும்போது தடுமாறாமல் இருக்க: 2024இல் விதிகளைத் திருத்தி, சேஃப் ஹார்பரையும் முன்காப்பு ஒப்பந்தத்தையும் ஒன்றாக்கி, பாதுகாப்புப் பயன் ஒப்பந்தம் என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். பழைய பெயர்கள் பேச்சில் இன்னும் புழங்குகின்றன. அதே ஆண்டு அக்டோபரில் ரெட்-காக்கேடட் மரங்கொத்தியை 'அழியும் நிலை' என்ற வகையிலிருந்து, அதைவிடக் கடுமை குறைந்த 'அச்சுறுத்தலில் உள்ளது' என்ற வகைக்கு மாற்றினார்கள். ராணுவத் தளங்கள், அரசுக் காடுகள், தனியார் நிலங்கள் என்று எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒப்பந்தங்கள் அதில் ஒரு வடம்.

ஒப்பந்தத்தின் முதல் நாள்

எல்லாம் தொடங்குவது காட்டுக்குள் ஒரு நடையில்தான். உயிரியலாளர் ஒருவர் உரிமையாளரோடு மரம் மரமாகப் பார்த்துக்கொண்டே போவார். அவர் தேடுவது, உருகிய மெழுகுவர்த்தி போல வெள்ளையாகப் பிசின் வழிந்து நிற்கும் பைன் மரங்களை. பிசின் ஈரமாகப் பளபளத்தால் வீட்டில் ஆள் இருக்கிறது. காய்ந்து மங்கிப் போயிருந்தால் காலி செய்துவிட்டுப் போயாயிற்று. சந்தேகமான மரத்தடியில் அந்தி சாயும்வரை காத்திருப்பார்கள், ஏனென்றால் ஒவ்வொரு பறவையும் இருட்டுவதற்கு முன் தன் பொந்துக்குத் திரும்பிவிடும். எந்தப் பொந்தில் எது நுழைகிறது என்று பார்த்துக் குடும்பங்களை எண்ணுவார்கள். அந்த எண்தான் ஒப்பந்தத்தில் அடிநிலையாக ஏறும்.